நாலடி குறைந்த எழுத்துப் பாலம்

நெட்டூரணியில் முதல் எழுத்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு. அது ஒரு ‘த்’. மாடத்தி தன் வீட்டு முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆமை அளவுக்கு, அச்சு மையின் வாசனையோடு, கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு, முறத்துக்கு ஒரு சாண் தள்ளி அது வந்து விழுந்தது. அதன் தலைமேல் இருந்த புள்ளி மட்டும் தனியே தெறித்து ஓடி, கோழிக்கூட்டுக்குள் புகுந்து, அடைக்கோழியின் முட்டைகளோடு முட்டையாக உட்கார்ந்துகொண்டது. மாடத்தி எழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். பனங்கட்டை கனம் இருந்தது. அரிவாளால் கீறினாள், கீறல் விழவில்லை. தொட்டித் தண்ணீரில் போட்டாள், ஊறவில்லை. அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு, மிச்ச உளுந்தைப் புடைத்து முடித்தாள்.

அன்றைய ‘அந்திச் சேதி’யின் முதல் பக்கத்தில் ‘மாட்டு திருடர்கள் வசமாக மாட்டினர்’ என்று தலைப்பு வந்திருந்தது. மாட்டுக்கும் திருடர்களுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ‘த்’தான் மாடத்தியின் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்த எழுத்துகள் ஏன் வேறெங்கும் விழாமல் நெட்டூரணியில் விழுந்தன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அந்திச் சேதியில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்துநராக இருந்த அருந்தவத்தின் ஊர் அதுதான். அந்த மாதம் முதல் தேதி ஆசிரியர் திரவியநாதன் புதிதாக ஒரு கணினி வாங்கினார். பிழை இருந்தால் அதுவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும் என்று விற்றவர் சொன்னார். அருந்தவத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணினி எல்லாச் சொற்களுக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டது, ஆசிரியரின் பெயருக்குக் கீழேயும் போட்டது, அதனால் கோட்டை அணைத்துவைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். தலைப்புகளிலிருந்து விடுபட்ட எழுத்துகள், தங்களைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதரைத் தேடிக்கொண்டு புறப்பட்டு வந்தன. ஊர் தெரிந்திருந்தது, வீட்டு எண் தெரியவில்லை. ஆகவே கண்ட இடத்தில் விழுந்தன. இதற்குமேல் நெட்டூரணியில் யாரும் காரணம் ஆராயவில்லை. விழுந்ததை என்ன செய்வது என்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

பத்திரிகை வெளிவரும் நேரமான நாலே முக்காலுக்கு எழுத்துகள் வரும் என்பது ஒரே வாரத்தில் பழகிவிட்டது. அந்த நேரத்தில் துணி காயப்போடுவதை நிறுத்தினார்கள், பிள்ளைகளைக் கூரைக்குக் கீழே கூப்பிட்டுக்கொண்டார்கள், பேருந்து ஓட்டுநர் வண்டியைப் புளியமரத்தடியில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தார். சின்னத் தலைப்பின் எழுத்து சின்னதாக வந்தது, பெரிய தலைப்பின் எழுத்து மேசை அளவுக்கு வந்தது, சிவப்பில் அச்சான தலைப்பின் எழுத்து சிவப்பாகவே வந்தது. கொம்புகளைச் சுவரில் அடித்துச் சட்டை மாட்டினார்கள். துணைக்கால்களை வைக்கோல் கொட்டகைக்கு முட்டுக் கொடுத்தார்கள். புள்ளிகளை ஊறுகாய்ச் சாடிமேல் பாரமாக வைத்தார்கள். ஒருநாள் ஓர் ‘ஃ’ விழுந்தது. அதன் மூன்று உருண்டைகளையும் உச்சிமாகாளி கொத்தனாரின் மனைவி அப்படியே அடுப்பாக வைத்து, அன்றைக்கே மீன்குழம்பு கொதிக்க வைத்துவிட்டாள்.

கொச்சைச் சொற்கள் விஷயம் வேறு. தலைப்பு எழுதுகிறவருக்குச் சரியான சொல் நினைவுக்கு வராமல் தெருவில் கிடந்த சொல் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால், இடம் பறிபோன சொல் முழுசாகவே, எழுத்துகள் ஒன்றையொன்று ரயில் பெட்டிபோலப் பிடித்துக்கொண்டு, நெட்டூரணிக்கு வந்தது. அவை வெறும் எழுத்துகளைப்போல விழவில்லை. மெதுவாக இறங்கின, குணத்தோடும் வந்தன. ‘நிதி நிறுவன அதிபர் எஸ்கேப்’ என்று வந்த அன்று ‘தலைமறைவு’ வந்தது, ஆனால் வந்தது யாருக்கும் தெரியவில்லை; மூன்றாம் நாள் பெட்டிக்கடைப் பலகைக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். ‘நகர்மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கப்சிப்’ என்று வந்த அன்று ‘மௌனம்’ தேநீர்க் கடை பெஞ்சுக்கு அருகே இறங்கியது. அன்று மாலை அங்கே டீ குடித்த பதினாலு பேரில் ஒருவர்கூட அரசியல் பேசவில்லை. கடைக்காரர் வியாபாரம் கெடுகிறது என்றார். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் மூன்றாம் வகுப்பில் வைத்தார்.

அருந்தவத்துக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அவருக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் அது இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தெருவில் நடக்கும்போது எழுத்துகளை மிதிக்காமல் சுற்றிப்போனார். எங்காவது ஓர் எழுத்தைக் கண்டால் குனிந்து, இது எந்தத் தலைப்பில் எந்தச் சொல்லுக்கு நடுவே இருந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்குவார். அவர்களும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அதன்மேல் மறுபடியும் மிளகாய் காயப்போடுவார்கள். மாலையில் பத்திரிகையை விரித்து, பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, காலையில் ஆசிரியருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் வேண்டியது ஒன்றே ஒன்று: அந்திச் சேதி அலுவலகத்தில் சன்னலோரம் இருந்த தன் நாற்காலி. வேலையைவிட்டு அனுப்பிய அன்று திரவியநாதன் வாசல்வரை வந்து “போயிட்டு வாங்க” என்று சொல்லியிருந்தார். சொன்னதில் இரண்டு பாதி இருக்கிறது, ஒரு பாதிதான் நடந்திருக்கிறது என்று அருந்தவம் மனைவி செண்பகவடிவிடம் சொன்னார்.

இதற்குள் மாடத்திக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஊருக்கு வடக்கே ஒரு கால்வாய். அகலம் நாற்பதடி. அதன் மறுகரையில்தான் ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் மூன்றும். பழைய பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்ப் பதினொரு வருடம் ஆயிற்று. மனு கொடுத்தபோதெல்லாம் மதிப்பீடு தயாராகிறது என்று பதில் வந்தது. கோடையில் இறங்கி நடக்கலாம். ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் மதகு வழியாக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மாடத்தி மகளிர் குழுவைக் கூட்டி, ஊறாத, வளையாத, உளுத்துப்போகாத சரக்கு தினமும் வானத்திலிருந்து வருகிறது, அதில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று கேட்டாள். மறுநாளிலிருந்து வீட்டு வீட்டுக்குப் போய் எழுத்துகளைக் கேட்டு வாங்கினார்கள். உச்சிமாகாளி கொத்தனார் கால்களைத் தூணாக நட்டார், ‘ட’க்களைத் தூணோடு கோத்தார், நீளமான சொற்களைப் பலகையாகப் போட்டார். ‘தலைமறைவு’ நல்ல உறுதியான பலகை. ஆனால் அதன்மேல் கால் வைத்தவர் அதைக் கடக்கும்வரை கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியமாட்டார். அதற்கும் பழகிக்கொண்டார்கள். கடன்காரரைக் கண்டால் சிலர் அங்கேயே நின்றுவிடுவதாகப் பேச்சு.

நடுவில் ஒரே ஒரு தடங்கல். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிற்று. அது இங்கே வந்து மூன்றாவது தூணாக நின்றது. அவருடைய ஆட்கள் போய்ச் சத்தம் போட்டதால், நாலாம் நாள் இரண்டாம் பக்கத்து மூலையில் ‘திருத்தம்’ என்று போட்டு, பெயரைச் சரியாக அச்சிட்டார்கள். நாலே முக்காலுக்கு மூன்றாவது தூண் மண்ணிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு, மேலே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த உச்சிமாகாளியைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, தன் பெயரைத் தேடி நேராகப் பறந்துபோயிற்று. திருத்தம் அச்சானால் எழுத்து திரும்பிப் போய்விடும் என்பதை ஊர் அப்படித்தான் தெரிந்துகொண்டது. நல்லவேளை, அந்திச் சேதி எளிதில் திருத்தம் போடுகிற பத்திரிகை இல்லை.

புரட்டாசி முடியும்போது முப்பத்தாறடி முடிந்திருந்தது. நாலடி பாக்கி. அந்த நேரம் பார்த்து அருந்தவத்துக்குக் கடிதம் வந்தது. ஏதோ ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் அந்திச் சேதியின் தலைப்பை மேடையில் எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டியிருக்கிறார். கூட்டம் சிரித்த சிரிப்பில் திரவியநாதனுக்கு மூன்று நாள் சாப்பாடு பிடிக்கவில்லையாம். உடனே வந்து சேரவும், நாற்காலி அப்படியே இருக்கிறது, ஆனால் தலைப்பில் ஒரு பிழை வந்தாலும் அன்றோடு முடிந்தது என்று எழுதியிருந்தார். அருந்தவம் அந்தக் கடிதத்திலும் இரண்டு பிழைகளை வட்டமிட்டுவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

சாயங்காலமே ஊர் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பாலம் முடியும்வரை காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். கடிதம் வரவே இல்லை என்று தான் எழுதிக் கொடுப்பதாகத் தபால்காரர் சொன்னார். அருந்தவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் மாடத்தி முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, நாலடிதான் பாக்கி. ஒரே ஒரு பெரிய எழுத்த மட்டும் பாக்காத மாதிரி விட்ருங்களேன்.”

“பாக்காத மாதிரி இருக்கவா எனக்குச் சம்பளம்?”

“செரி, பாத்துட்டே விடுங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.”

“முப்பத்தொரு வருசத்துல ஒண்ண விட்டதில்ல, மாடத்தி. எனக்கு அது வராது.”

“மனுசன்னா ஒரு தப்புகூடச் செய்யத் தெரியாம இருப்பாரா,” என்றாள் மாடத்தி, செண்பகவடிவைப் பார்த்து. செண்பகவடிவு, அதைத்தான் நானும் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

மறுநாள் காலை அவர் கரை இறங்கி, எழுத்துகளைத் தொடாமல், முழங்கால் தண்ணீரில் கால்வாயைக் கடந்து பேருந்து ஏறினார். அன்றிலிருந்து நெட்டூரணியில் எதுவும் விழவில்லை. நாலே முக்காலுக்கு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், காக்கைகள் போயின, மேகம் போயிற்று, அவ்வளவுதான். ஓட்டுநர் பழக்கத்தில் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினார், பிறகு வெட்கத்தோடு எடுத்தார். அருந்தவம் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார். டீக்கடையில் அவருக்கு மட்டும் டீ ஆறிப்போய் வந்தது. ஐப்பசி பிறந்து முதல் மழையும் பெய்து தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, நிறைமாதமாக இருந்த உச்சிமாகாளியின் மருமகளை மறுகரைக்கு ஊசி போட அழைத்துப்போக மூன்று கிலோமீட்டர் சுற்றினார்கள். ஆட்டோவில் அவள் போவதை அருந்தவம் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்தார்.

அந்த வியாழக்கிழமை அவர் தனக்கு வராது என்று சொன்னதைச் செய்து பார்த்தார். ஐந்தாம் பக்கத்துத் தலைப்பு ஒன்றில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்தார், பேனாவை மூடினார், கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினார், திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார், கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். நாலே முக்காலுக்கு வீட்டுக்குப் போன் செய்து ஊரில் ஏதாவது சத்தம் கேட்டதா என்றார். பக்கத்து வீட்டு ஆடு கத்தியது, வேறு எதுவும் இல்லை என்றாள் செண்பகவடிவு. தெரியாமல் விடுபட்ட எழுத்து மட்டுமே வரும். தெரிந்து விட்டது வராது என்பது அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. ஊருக்கும் உதவாமல் தொழிலுக்கும் உண்மையில்லாமல் ஒரு ‘க்’கைத் தொலைத்துவிட்டோமே என்று அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் அந்திச் சேதி நெட்டூரணிக்கு ஒரு செய்தியாளரை அனுப்பியது. எந்த அரசும் கட்டாத பாலத்தைப் பத்திரிகைப் பிழைகளால் ஓர் ஊர் கட்டியிருக்கிறது என்றால் அது தன் பத்திரிகைக்கும் ஒரு வகையில் பெருமைதான் என்று திரவியநாதன் கணக்குப் போட்டார். முதல் பக்கம், முழு அகலத்துக்கும் ஒரே தலைப்பு, கீழே பாலத்தின் படம். முறுக்கு விற்கும் ஒரு பெண்மணி அதன்மேல் கூடையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அருந்தவம் தலைப்புகளை எப்போதும் கடைசிச் சொல்லிலிருந்துதான் படிப்பார். அடிக்கோலால் மற்றதை மறைத்துக்கொண்டு, ஒரு சொல், அதற்கு முந்தைய சொல், இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் என்று பின்னாலேயே நடந்து முதல் சொல்லுக்கு வருவார். பொருள் புரிந்துவிட்டால் கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும் என்பார். எத்தனையோ விபத்துகளையும் ஆட்சி மாற்றங்களையும் அவர் அப்படி எதுவும் தெரியாமலே கடந்து வந்திருக்கிறார். அன்றைக்கு மேசைமேல் தாளை விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது தன் ஊரின் பெயர். அவ்வளவு பெரிய எழுத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. அடிக்கோலை எடுக்க மறந்துவிட்டார். முதலிலிருந்து, வாசகர்கள் படிப்பதுபோல, வாய்விட்டுப் படித்தார்: ‘நெட்டூரணியில் எழுத்து பாலம்: நாலடியில் நிற்கிறது ஊரின் கனவு’. படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். உச்சிமாகாளியின் தூண் வேலை நேர்த்தியாக இருப்பதாக நினைத்தார். அந்த நாலடி இடைவெளியைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

நாலே முக்காலுக்கு நெட்டூரணிக் கால்வாய்க் கரையில், இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு, ஒரு ‘ப்’ விழுந்தது. அதுவரை விழுந்ததிலேயே பெரிய எழுத்து. அடிக்கோடு நாலடி, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்த சுவர்கள். புள்ளி தண்ணீரில் விழுந்து தவளைகளைக் கலைத்துவிட்டு மூழ்கிப்போயிற்று. அதை யாரும் தேடவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். ஒரு விரல்கூட இழைக்க வேண்டியிருக்கவில்லை. உச்சிமாகாளி அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார், பிறகு அவர் மருமகள் மெதுவாக நடந்து போனாள், பிறகு ஊர் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று.

அந்தக் குதூகலத்தின் நடுவே, ஆறரைப் பேருந்தில் அருந்தவம் வருவார் என்பது யாருக்கோ உறைத்தது. யாருடைய பிழை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் மறுகரையில் இறங்கியபோது முப்பது நாற்பது பேர் புது எழுத்தின்மேலும் சுற்றிலும் நெருக்கியடித்து நின்று, அதை மறைத்துக்கொண்டு, என்ன அண்ணாச்சி இன்றைக்குச் சீக்கிரம் போலிருக்கிறதே என்று விசாரித்தார்கள். டீக்கடைக்காரர் சூடாக டீயை நீட்டினார். அருந்தவம் டீயை வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே பார்த்தார்.

“அது ‘ப்’பா?”

முன்வரிசையில் நின்றவர்கள் இன்னும் நெருக்கி நின்றார்கள்.

“எழுத்துப் பாலம். ஆமா. ‘ப்’ வரணும்,” என்றார். டீயை முழுதும் குடித்தார். அதன்பிறகு வழக்கம்போல வேட்டியை வரிந்துகட்டி, இடுப்புத் தண்ணீரில் இறங்கியே கரையேறி வீட்டுக்குப் போனார்.

கட்டில் அளவு எழுத்து விழுந்த செய்தி மறுநாள் காலைக்குள் திரவியநாதனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. நல்ல பிழை திருத்துநர் கிடைப்பது கஷ்டம் என்பது இந்தச் சில மாதங்களில் அவருக்குத் தெரிந்திருந்தது. அருந்தவத்தை உட்காரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“ரெண்டாம் பக்கத்துல ஓரமா ஒரு திருத்தம் போட்ருவோம். நீங்களே எழுதிக் குடுங்க. எழுத்து அதுபாட்டுக்குத் திரும்பி வந்துரும், பிழையே நடக்கலன்னு ஆயிரும். உங்க நாற்காலி உங்களுக்குத்தான்.”

அருந்தவம் பேனாவை எடுத்தார். ‘நேற்றைய இதழின் முதல் பக்கத் தலைப்பில்’ என்று எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. சன்னலோரம் நாற்காலி இருந்தது, அதன்மேல் செண்பகவடிவு தைத்துக் கொடுத்த மெத்தை இருந்தது, மெத்தைமேல் காலை வெயில் இருந்தது. இன்னும் ஆறு சொற்கள் எழுதினால் போதும். அவர் எழுதிய வரியை ஒருமுறை கடைசியிலிருந்து படித்தார், ஒருமுறை முதலிலிருந்து படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, குறுக்கே நேராக ஒரு கோடு போட்டு அடித்தார்.

“திருத்தம் வேண்டாம் சார்.”

“ஏன்?”

“அந்த எழுத்து சரியான எடத்துலதான் இருக்கு.”

திரவியநாதன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்படியானால் நாற்காலி என்று இழுத்தார். அருந்தவம் எழுந்துபோய் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டார், மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இந்தத் தடவை ஆசிரியர் வாசல்வரை வந்தாலும் “போயிட்டு வாங்க” என்று சொல்லவில்லை.

மத்தியானப் பேருந்தில் இறங்கியவர் கால்வாய்க் கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார். தண்ணீர் இப்போது நெஞ்சளவுக்கு ஏறி ஓடிக்கொண்டிருந்தது. ‘ப்’பின்மேல் வலது காலை வைத்தார். அது அசையவில்லை. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார். ‘தலைமறைவு’ வந்தபோது இக்கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களின் கண்ணுக்கு மறைந்து, மெத்தையும் தூக்குமாக மறுபடியும் வெளிப்பட்டார்.

மறுநாள் அந்திச் சேதியில் பதினொரு பிழைகள். நாலே முக்காலுக்குப் பதினொரு எழுத்துகளும் கரையோரம் கல்மாரிபோல விழுந்தன. பாலத்துக்குக் கைப்பிடி இல்லாத குறை தீர்ந்தது. உச்சிமாகாளி அவற்றை ஓரத்தில் வரிசையாக நட்டுக்கொண்டே வந்தார், அருந்தவம் கூடவே நின்று தூக்கிக் கொடுத்தார். அவசரத்தில் ஒரு ‘ற’வைக் கொத்தனார் தலைகீழாக நட்டுவிட்டார். அருந்தவம் நின்றார். உச்சிமாகாளியும் கரணையோடு நின்றார். கரையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அருந்தவம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார், கடைசியில் தலைகீழாக நின்ற அந்த எழுத்தைக் கையால் இறுகப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“பிடிக்கத் தோதாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுத்தார்.